மேப்பில்விக் குடும்பத்தின் லண்டன் கிளை

மெற்றில்டாவைத் தொலைபேசியில் மட்டும் அறிந்தவர்கள் அவளை ஒரு வெள்ளைக்காரி என்றே நினைத்திருந்தார்கள். டூட்டிங்கில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பாளராக அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. காலையில் தொலைபேசியை எடுத்து, "மெற்றில்டா மேப்பில்விக் பேசுகிறேன்" என்று சுத்தமான ஆங்கிலத்தில் அவள் சொல்லும்போது, மறுமுனையில் இருப்பவரின் மனதில் நரைத்த கொண்டையும் முத்துமாலையுமாக ஒரு சீமாட்டி வந்து உட்கார்ந்துவிடுவாள். பிறகு அவர் வீங்கிய கன்னத்தோடு நேரில் வருவார். மேசைக்குப் பின்னால் இருப்பவளின் முகத்தைப் பார்ப்பார், சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் பார்ப்பார், மறுபடி முகத்தைப் பார்ப்பார். "மிஸஸ் மேப்பில்விக் இன்று லீவா?" என்று கேட்டவர்களும் உண்டு.

அந்தப் பெயர் அவளுக்குப் பிறப்போடு வந்தது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடங்களில் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு படித்த பையன்கள் சிலருக்கு, அவர்களுடைய படிப்புக்கு உதவிய சீமைக்காரரின் பெயரையே வைத்துவிடும் வழக்கம் இருந்தது. அப்படி மேப்பில்விக் ஆனவர் அவளுடைய பாட்டனாருக்குப் பாட்டனார். ஊராருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. 'மாப்பிள்ளைவிக்' என்று தொடங்கி, கடைசியில் 'மாப்பிள்ளை வீடு' என்று முடித்துக்கொண்டார்கள். கலியாணமே கட்டாமல் செத்துப்போன அவளுடைய பெரியப்பாவைக்கூட ஊர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது.

கலியாணத்துக்குப் பிறகும் அவள் பெயரை மாற்றவில்லை. மாற்றிக்கொள்ளக் கணேஸ்வரனிடம் குடும்பப்பெயர் என்று ஒன்று இருந்தால்தானே. பாதாள ரயிலில் ஸ்டேஷன் உத்தியோகம் பார்த்த கணேஸ்வரனின் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயராக இருந்தது அவருடைய தகப்பனாரின் பெயர். மகள் அன்பரசியின் பாஸ்போர்ட்டில் இருந்தது கணேஸ்வரனின் பெயர். கோலியர்ஸ் வுட்டில் அவர்கள் இருந்த சின்ன வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப்பெயர். அதை ஒரு வாடகை விடுதி என்றே தபால்காரர் நெடுங்காலம் நினைத்திருந்தார்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு மான்செஸ்டரில் இருந்து வந்த அன்பரசிதான் அந்த வரைபடத்தை முதலில் காட்டினாள். ஒரு குடும்பப்பெயரைத் தட்டினால், பிரித்தானியாவில் அந்தப் பெயர்க்காரர் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று நிறம் பூசிக் காட்டும் இணையத்தளம் அது. பழைய குடிசன மதிப்பீட்டில் இருந்து ஒரு படம், இன்றைய வாக்காளர் பட்டியலில் இருந்து ஒரு படம். அன்பரசி 'மேப்பில்விக்' என்று தட்டினாள். 1881இல் டார்பிஷயரில் ஒரு பள்ளத்தாக்கு மட்டும் கத்தரிக்காய் நிறத்தில் கறுத்துக் கிடந்தது. நாட்டின் மிச்சம் முழுவதும் வெள்ளை. இன்றைய படத்தில் அந்தப் பள்ளத்தாக்கு வெளுத்துப்போயிருக்க, லண்டனுக்குத் தெற்கில் ஒரு பொட்டும் கிழக்கில் ஒரு பொட்டும் தெரிந்தன. கோலியர்ஸ் வுட்டில் ஏழு பேர், அப்டன் பார்க்கில் நாலு பேர்.

கணேஸ்வரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

"உந்த ஏழு நீரும் பக்கத்துத் தெரு அண்ணை குடும்பமும், மற்ற நாலு உம்மட சித்தப்பா வீட்டுக்காரரும்தான் காணும்," என்றார். "இந்த நாட்டிலை சிவப்பு அணில் அழிஞ்சு போகுதெண்டு கணக்கெடுக்கிற மாதிரி உங்களையும் எடுத்து வைச்சிருக்கிறாங்கள்."

அதை அன்றைக்குச் சிரித்து மறந்துவிட்டார்கள். ஆனால் அதே படத்தை டார்பிஷயரில் இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் மெற்றில்டாவின் விலாசத்தைத் தேடிப் பிடித்து, பேப்பரும் பேனாவும் எடுத்தார்.

ஜனவரி இரண்டாம் கிழமை கடிதம் வந்தது. எழுதியவர் ரோலண்ட் மேப்பில்விக். ஹாலோடேல் என்னும் கிராமத்தில் நாற்பது வருடம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், மேப்பில்விக் குடும்பச் சங்கத்தின் செயலாளர். உலகத்தில் மிஞ்சியிருக்கும் எல்லா மேப்பில்விக்குகளையும் தேடிப் பிடிப்பது சங்கத்தின் நோக்கம். பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் மேப்பில் மரங்களுக்கு நடுவே ஒரு பண்ணை இருந்தது. பண்ணை அழிந்துவிட்டது, பெயர் மட்டும் ஆட்களில் ஒட்டிக்கொண்டது. மூத்த கிளையில் ஒருவன் 1860களில் தகப்பனோடு சண்டை பிடித்து லண்டனுக்கு ஓடியதாக வாய்வழிக் கதை உண்டு. வரைபடத்தில் லண்டனில் இத்தனை பேரைக் கண்டதும் தனக்குத் தூக்கம் போய்விட்டது. தாங்கள்தான் அந்தக் காணாமல்போன லண்டன் கிளையோ? தங்கள் பாட்டனாரின் பெயர் என்னவென்று தயவுசெய்து தெரிவிக்க முடியுமா?

மெற்றில்டா ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள். கடிதத்துக்குக் கடிதம் எழுதாமல் விடுவது அவளுக்குத் தெரியாத காரியம். அன்று மாலையே உட்கார்ந்து நல்ல தாளில் பதில் எழுதினாள். தன் குடும்பத்தின் முதல் மேப்பில்விக் எட்வர்ட் என்றும், அவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்றும், அவருடைய மகனும் பேரனும்கூட ஆசிரியர்கள்தான் என்றும், குடும்பத்தில் எல்லோரும் கோவில் பாட்டில் கெட்டிக்காரர் என்றும் எழுதினாள். தபாலில் போடுமுன் கணேஸ்வரன் வாங்கி வாசித்தார்.

"ஒரு சொல்லும் பொய்யில்லை," என்றார். "ஆனால் முழுக்கக் கள்ளம். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள் எண்டு ஒரு வரி போட்டால் பேனையிலை மை முடிஞ்சு போமோ?"

"அவர் அதைக் கேக்கேல்லையே."

"எப்பிடிக் கேப்பார்? ஒரு மேப்பில்விக்கிட்டை போய் நீங்கள் பருத்தித்துறைப் பக்கமோ எண்டு ஆரும் கேப்பினமோ?"

அவள் உறையை ஒட்டிவிட்டாள். பத்தொன்பது வருடமாக மேசைக்கு முன்னால் வருகிறவர்கள் எல்லோரும், பெயரையும் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒரு கணம் நிறுத்தித்தான் பேசத் தொடங்குவார்கள். அந்த ஒரு கணம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. கடிதத்தில் அது இல்லை. எழுதியதும் பதில் வந்தது, 'அன்புள்ள உறவினரே' என்று. அடுத்ததில் தன் தோட்டத்து ஸ்னோடிரொப் பூ இந்த வருடம் முந்திவிட்டது என்று எழுதியிருந்தார். மூன்றாவது கடிதத்தில் அவளுடைய ஆங்கிலத்தைப் புகழ்ந்திருந்தார். பழைய மேப்பில்விக்குகள் இப்படித்தான் எழுதுவார்களாம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இப்படி வராதாம். அதை அவள் இரண்டு தரம் வாசித்து, கணேஸ்வரனுக்கும் ஒரு தரம் வாசித்துக் காட்டினாள்.

நாலாவது கடிதம் அவளைக் கதிரையில் இருந்து எழுப்பியது. பெப்ரவரியில் தான் ஆவணக் காப்பகத்துக்கு லண்டன் வருவதாகவும், சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்றும் ரோலண்ட் கேட்டிருந்தார். அவள் உண்மையை எழுத நாலு தரம் தாள் எடுத்தாள். நாலு தரமும் அது, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளுவது போலவே வந்தது. கடைசியில் 'தாராளமாக வாருங்கள்' என்று மட்டும் எழுதினாள்.

"மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் வருகினம்," என்று கணேஸ்வரன் மைத்துனர் பாலேந்திராவுக்குத் தொலைபேசியில் அறிவித்தார். "உம்மட தங்கச்சியை வெள்ளைக்காரி எண்டு நம்பி வருகினம். பவுடர் கொஞ்சம் கூடப் போடச் சொல்லும்."

அந்தச் சனிக்கிழமை மெற்றில்டா காலையில் இருந்து வீட்டைத் துடைத்தாள். கேக் வாங்கினாள், பிறகு அது போதாது என்று வடையும் சுட்டாள். மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்க மணி அடித்தது. கதவைத் திறந்தவர் கணேஸ்வரன். வாசலில் ஆறடி உயரத்தில், மழைக்கோட்டும், கக்கத்தில் ஒரு நீள மட்டைக் குழாயுமாக ஒரு கிழவர் நின்றார்.

"மிஸஸ் மேப்ளிக் இருக்கிறாரா?" என்றார்.

கணேஸ்வரன் காத்திருந்தது மேப்பில்விக் என்று கேட்டு வருகிறவருக்கு; மேப்ளிக் யாரென்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அப்படி ஒருவரும் இங்கே இல்லை, பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். கிழவர் பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கிருந்த போலந்துக்காரரிடமும் விசாரித்துவிட்டு, இலக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டு திரும்பி வந்து மறுபடி மணி அடித்தார். நாற்பது வருடத் தபால்காரர். விலாசம் பிழைக்காது என்று அவருக்குத் தெரியும். இந்த முறை மெற்றில்டாவே வந்தாள். மேப்பில்விக் என்று எழுதினாலும் பள்ளத்தாக்கில் அதை மேப்ளிக் என்றுதான் விழுங்கிச் சொல்வார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிய வந்தது. ஐந்து தலைமுறையாகத் தன் குடும்பம் அந்தப் பெயரின் எல்லா எழுத்தையும் பக்தியோடு உச்சரித்து வந்திருக்கிறது என்பதும் கூடவே தெரிந்தது.

"நான்தான் மெற்றில்டா," என்றாள்.

அந்த ஒரு கணம் வந்தது. அவள் எதிர்பார்த்ததைவிட நீளமாக நின்றது. பிறகு ரோலண்ட் தொப்பியைக் கழற்றினார். "வடை வாசமா அது?" என்று கேட்கவில்லை அவர். பாவம், அவருக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் மூக்கு அந்தப் பக்கம் திரும்பியதை அவள் கவனித்தாள். உள்ளே வரச் சொன்னாள்.

உட்கார்ந்து தேநீரைக் கையில் வாங்கிய பிறகும் அவர் கேள்வி எதையும் கேட்க முடியாமல் தவித்தார். மெற்றில்டாவே எல்லாவற்றையும் சொன்னாள். முன்பே எழுதாததற்கு மன்னிப்பும் கேட்டாள். ரோலண்ட் கவனமாகக் கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருடைய முகத்தில் இருந்த ஆவல் மெல்ல இறங்கி மரியாதையாக மாறுவதை அவள் பார்த்தாள். மரியாதையைவிட ஆவல்தான் அவளுக்குப் பிடித்திருந்தது.

"அப்படியானால் நீங்கள் உண்மையில் மேப்பில்விக்குகள் இல்லை," என்றார் அவர். கெட்ட மனதோடு சொல்லவில்லை. தப்பான பெட்டியில் விழுந்த கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கிறவரைப் போலச் சொன்னார்.

மெற்றில்டாவுக்குச் சுருக்கென்றது. எழுந்து போய், அலுமாரியில் இருந்து ஒரு தாளை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, அவளுடைய அப்பாவால் குடும்பத்துப் பெரிய வேதாகமத்தைத் தூக்க முடியவில்லை. முதல் தாளை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார். அது கைமாறிக் கைமாறி லண்டன் வந்ததும், பழுதாகப் போகிறதே என்று பாலேந்திரா அதை ஹை ஸ்ட்ரீட் கடையில் கொடுத்து இரண்டு பக்கமும் பளபளவென்று லாமினேட் பண்ணி வைத்திருந்தார்.

பிளாஸ்டிக்கைக் கண்டதும் ரோலண்ட் முகத்தைச் சுளித்தார். பிறகு உள்ளே இருந்ததை வாசித்தார். சாய்ந்த எழுத்தில், மங்கிய மையில், 'எட்வர்ட் மேப்பில்விக்குக்கு. என் பெயரை உனக்குத் தருகிறேன். அதற்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள். ஹெஸ்டர் மேப்பில்விக், ஹாலோடேல் ஆலை, 1841' என்று இருந்தது.

அவர் நெடுநேரம் அதைக் கீழே வைக்கவில்லை. ஹெஸ்டர் ஆலை முதலாளி வில்லியமின் மகள் என்றும், கலியாணம் கட்டாதவள் என்றும், பிறந்த திகதியும் இறந்த திகதியும் தவிர அவளைப் பற்றித் தன்னிடம் எதுவும் இல்லை என்றும் சொன்னார். அவளுடைய கையெழுத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மட்டைக் குழாயைத் திறந்து, மேசையில் இருந்த கோப்பைகளைத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு முழ நீளத்துக்குக் குடும்ப மரத்தை விரித்தார். ஹெஸ்டரின் பெயருக்குக் கீழே வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் பென்சிலால் 'யாழ்ப்பாணம்' என்று எழுதினார். எழுத்துக்கூட்டிச் சொன்னது கணேஸ்வரன்.

அப்போது அந்த வீட்டில் பகை ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. ரோலண்ட் நாலாவது வடைக்குப் போயிருந்தார். மெற்றில்டா மரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மாதான் பார்த்தாள். ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்தி ஒரு குடும்ப மரத்தைச் சும்மா பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. யாருடைய பிள்ளை யார், எந்தப் பக்கத்தால் வருகிறார் என்று அவளுடைய விரல் தன்பாட்டில் மேலே ஏறியது. ரோலண்டில் தொடங்கித் தகப்பன், பாட்டன் என்று ஏறிப்போய், தாமஸ் என்பவரிடம் நின்றது. தாமஸையும் ஆலை முதலாளி வில்லியமையும் இணைத்தது நேர்கோடு அல்ல. புள்ளி புள்ளியாக ஒரு கோடு.

"இது ஏன் புள்ளிக்கோடு?" என்று கேட்டாள்.

அது இன்னும் பத்திரத்தில் உறுதியாகவில்லை, ஆனால் சந்தேகமும் இல்லை என்றார் அவர். தாமஸ் வளர்ந்தது வில்லியமின் வீட்டில், பெயரும் அதுதான்.

"வில்லியமின் மற்றப் பிள்ளைகள் ஆறு பேருக்கும் ஞானஸ்நானத் திகதி போட்டிருக்கிறீர்கள். தாமஸுக்கு மட்டும் இல்லை. அவர் பிறக்கும்போது வில்லியமுக்குப் பதினாறு வயது." அவள் இன்னும் குனிந்தே இருந்தாள். "தாமஸ் யாருடைய பிள்ளை?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. ரோலண்ட் வடையைத் தட்டில் வைத்தார். சுவாரசியமான கேள்வி என்றார். ஐந்தரை ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று மரத்தைச் சுருட்டிக் குழாய்க்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பெப்ரவரி முடிந்தது. மார்ச் வந்தது. கடிதம் இல்லை. மெற்றில்டா ஒன்று எழுதினாள், அதற்கும் பதில் இல்லை. வீட்டுக்கு வந்த ஒரு நல்ல மனிதரிடம் அவருடைய மூதாதையைக் காட்டி இவர் யாருக்குப் பிறந்தவர் என்று கேட்டிருக்கிறோமே என்று அவள் மனம் அரித்தது.

"ஆரும் ஒருத்தர் எங்கட வீட்டுக்கு வந்து எங்களிட்டை அப்பிடிக் கேட்டிருந்தால் நாங்கள் வடையைத் திருப்பி வாங்கியிருப்பம்," என்று கணேஸ்வரன் ஆறுதல் சொன்னார். ஆனால் ஏப்ரல் வந்த பிறகு அவர் பகிடி விடுவதைக் குறைத்துக்கொண்டார். தபால் வருகிற நேரத்தில் தானே போய் எடுத்துப் பார்த்துவிட்டு, விளம்பரத் தாள்கள்தான் என்று சொல்லாமலே குப்பையில் போட்டார்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பல் வைத்தியரின் வரவேற்பறையில் தொலைபேசி அடித்தது. "மெற்றில்டா மேப்பில்விக் பேசுகிறேன்," என்றாள்.

"புள்ளிக்கோட்டைக் கண்டுபிடித்துவிட்டேன்," என்றது மறுமுனை.

ரோலண்ட் லண்டனில்தான் நின்றார். மூன்று மாதமாக டார்பிஷயரில் ஒவ்வொரு பதிவேடாகப் புரட்டி, அங்கே இல்லை என்று நிச்சயமான பிறகு இங்கே வந்திருந்தார். மறுநாள் லண்டனில் சதக் என்னும் பகுதியில் ஒரு தெருவைப் பார்க்கப் போவதாகவும், தனியாகப் போக மனமில்லை என்றும் சொன்னார். கணேஸ்வரன் அன்று ஷிப்ட் மாற்றிக்கொண்டார். கோலியர்ஸ் வுட்டில் ஏறினால் பறோ ஸ்டேஷன்வரைக்கும் மெற்றில்டா தனியாகவே மாறாமல் போகலாம், ஆனால் தன்னுடைய ரயில் பாதையில் வந்து நிற்கும் விருந்தாளியைச் சந்திக்கத் தான் இல்லாமலா என்பது அவர் வாதம்.

ஸ்டேஷன் வாசலில் ரோலண்ட் காத்திருந்தார். குழாய் இல்லை, கையில் ஒரே ஒரு தாளின் நகல். நடந்துகொண்டே சொன்னார். அந்தக் காலத்தில் லண்டன் தேவாலயங்களின் கோவிற்பற்றுகள் தங்கள் அநாதைப் பிள்ளைகளை வடக்கே ஆலைகளுக்குத் தொழில் பழக அனுப்பிவிடுவார்கள். 1794இல் சதக்கில் ஒரு ஏழைகள் விடுதியில் இருந்து பதினொரு பிள்ளைகள் வண்டியில் ஏற்றப்பட்டு ஹாலோடேல் ஆலைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவன் தாமஸ், வயது ஒன்பது. வாசற்படியில் கிடந்து எடுத்த பிள்ளை. எடுத்தது திங்கட்கிழமை என்பதால் பதிவேட்டில் தாமஸ் மண்டே என்று எழுதியிருந்தார்கள். பையன் கெட்டிக்காரன். வில்லியம் அவனை வீட்டோடு வைத்துக்கொண்டார். கலியாணப் பதிவில் அவன் மேப்பில்விக் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

"மண்டே," என்று கணேஸ்வரன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மெற்றில்டா அவருடைய முழங்கையைக் கிள்ளினாள்.

விடுதி இருந்த இடத்தில் இப்போது ஒரு அலுவலகக் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. சைக்கிள் பூட்டி வைக்கிற கம்பிகள், காற்று வெளியேறும் ஒரு பெரிய தகரப்பெட்டி, சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு பெண்கள். பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் மன்னிப்புக் கேட்கவேண்டும்," என்று மெற்றில்டா தொடங்கினாள்.

"எதற்கு? லண்டன் கிளையைத் தேடி வந்தேன், அது நான்தான்." ரோலண்ட் தாளை மடித்தார். "முதல் மாதம் கோபமாகத்தான் இருந்தேன். உங்களிடம் இல்லை, யாரிடம் என்று தெரியவில்லை. பிறகு யோசித்தேன். நாற்பது வருடம் உறையில் இருந்த பெயரைப் பார்த்துக் கடிதம் கொடுத்திருக்கிறேன். இது உங்கள் இரத்தத்தில் வந்த பெயரா என்று ஒரு வீட்டிலும் கேட்டதில்லை. உங்கள் வீட்டில் மட்டும் கேட்டுவிட்டேன்."

மெற்றில்டா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு அது பழக்கமில்லை, ஆனால் இழுக்கவில்லை. கணேஸ்வரன்தான், ஒன்பது வயதுப் பையன் ஒருவன் ஏறிப்போன வண்டி எந்தப் பக்கமாகப் போயிருக்கும் என்று ஆராயத் தொடங்கினார். ஆற்றுப் பாலம் கடந்து வடக்கே போயிருக்கவேண்டும் என்று தீர்மானித்து, அந்தப் பாலத்தின் மேலேயே அவர்களை நடத்திக்கொண்டு போனார். ரோலண்ட் பாலத்தின் நடுவில் ஒரு தரம் நின்று திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

செப்டம்பரில் ஹாலோடேல் கிராம மண்டபத்தில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. லண்டனில் இருந்து பதினொரு மேப்பில்விக்குகளும் இரண்டு வான் வண்டி பிடித்துப் போனார்கள். பாலேந்திராவின் மனைவி ஜெயகௌரி, சனம் எவ்வளவு வருமென்று தெரியாமல், மீன் வைத்து மடித்துப் பொரித்த பற்றீஸ் நூற்றிருபது செய்துகொண்டு வந்திருந்தாள். மண்டபத்தில் இருந்தது பதினாறு பேர், பெரும்பாலும் எழுபது தாண்டியவர்கள். உள்ளே வந்த கூட்டத்தைப் பார்த்ததும் கதிரை காணாது என்று எழும்பி ஓடினார்கள்.

ரோலண்ட் மேடையில் ஏறி ஹெஸ்டரின் கதையையும் எட்வர்டின் கதையையும் சொன்னார். கைதட்டினார்கள். பிறகு தாமஸ் மண்டேயின் கதையைச் சொன்னார். கைதட்டவில்லை. பின் வரிசையில் இருந்த பெரில் என்ற முதிய பெண்மணி எழுந்து, அப்படியானால் தன்னுடைய கிளை எப்படி என்று கேட்டாள். அதை இன்னும் ஆராயவில்லை, விரும்பினால் அடுத்த கிழமையே தொடங்கலாம் என்றார் ரோலண்ட். பெரில் மறுபடி உட்கார்ந்தாள்.

"அவசரம் ஒன்றும் இல்லை, ரோலண்ட். தண்ணீர் கொதித்துவிட்டது, தேநீர் குடிப்போமே," என்றாள்.

மண்டபம் முழுவதும் அவளோடு ஒத்துப்போனது. தங்கள் மரத்தை அவிழ்த்துப் பார்க்க யாருக்கும் அன்றைக்கு மனமிருக்கவில்லை. தேநீருக்கு முன்பாக ஒரு தீர்மானம் மட்டும் நிறைவேறியது. மேப்பில்விக் என்று கையெழுத்துப் போடுகிற எவரும் உறுப்பினராகலாம். எதிர்த்தவர் ஒருவர், அவரும் பற்றீஸைக் கண்டபிறகு வாக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கடிதம் எழுதும் வேலையை மெற்றில்டாவிடம் ஒப்படைத்தார்கள்.

இதிலெல்லாம் சேராமல் நின்றது கணேஸ்வரன் ஒருவர்தான். அவருடைய கையெழுத்தில் மேப்பில்விக் இல்லை. விதிப்படி அவர் வெளியாள். அதைச் சொல்ல ரோலண்ட் சங்கடப்பட்டார். கணேஸ்வரன் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, வெறும் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார்.

அரை மணி நேரமாகியும் ஆளைக் காணவில்லை. மெற்றில்டா தேடிப் போனாள். சமையலறையில் நாலு ஆண்கள் வரிசையாக நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் பள்ளத்தாக்குக்காரர், மேப்பில்விக் பெண்களைக் கட்டியவர்கள். ஒருவருக்கு வயது எண்பத்திரண்டு, முப்பது வருடமாகக் கூட்டத்துக்கு வருகிறாராம், முப்பது வருடமாகக் கோப்பைதான் கழுவுகிறாராம். நாலாவது ஆள் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்து விட்டிருந்தார், தோளில் ஒரு துடைக்கிற துணி.

"என்னப்பா, போவமே?" என்றாள் மெற்றில்டா.

"நீர் போய்க் கூட்டத்தைப் பாரும்," என்றார் கணேஸ்வரன், கையில் இருந்த கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே. "இஞ்சை எங்களுக்கு வேற கூட்டம் நடக்குது."

எண்பத்திரண்டு வயதுக்காரருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டி, கதவைச் சாத்திவிட்டுப் போகும்படி அவளுக்குக் கையைக் காட்டினார்.